மேசை ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் ஒரே பாட்டு

போன சனிக்கிழமை ராத்திரி பத்தே முக்கால் இருக்கும், மேசை ஏழிலிருந்தும் மேசை பன்னிரண்டிலிருந்தும் ஒரே பாட்டுக்குச் சீட்டு வந்தது. ஒரே பாட்டுதானே, ஒரு தடவை பாடினால் இரண்டு மேசைக்கும் சந்தோஷம் என்று நினைப்பீர்கள். நானும் இந்த வேலைக்கு வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். ஏழில் உட்கார்ந்திருப்பவர் பன்னிரண்டில் உட்கார்ந்திருப்பவரின் மச்சான். ஏதோ ஒரு கல்யாணச் செலவுக் கணக்கில் தொடங்கி இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது, கோயிலில்கூட இவர் இந்த வாசலில் நுழைந்தால் அவர் அந்த வாசலில் வெளியே போவார். பாட்டு 'மேசை ஏழுக்காக' என்று மைக்கில் சொன்னால் பன்னிரண்டு எழுந்து வரும். பன்னிரண்டுக்காக என்றால் ஏழு. இருவருக்காகவும் என்று சேர்த்துச் சொன்னோமோ, தொலைந்தது.

இரண்டு சீட்டையும் மடித்து, கல்லாவில் ஐம்பது வெள்ளி நோட்டுகளுக்கு அடியில் செருகிவிட்டு, வேறொரு மேசையின் சீட்டை மேடைக்கு அனுப்பினேன். இதுதான் என் வேலை.

பார்க்கிறவர்களுக்கு, 'பாட்டுக் கேட்டுக்கிட்டே சம்பளம் வாங்குறியே அக்கா' என்று தோன்றுகிறது. கேட்டுக்கொண்டே இருப்பது என்னவோ உண்மைதான். ஃப்ரீசர் மோட்டார் திணறுகிற சத்தம், நாற்காலி பின்னால் இழுபடும் சத்தம், மூலையில் ஒரு குரல் மட்டும் உயர்கிற சத்தம். பாட்டு ஒன்றை முழுசாக உட்கார்ந்து கேட்டு மாதக்கணக்காகிறது.

எங்கள் இடம் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், பெரிய ரோட்டுக்கு ஒரு வரிசை பின்னால், பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளம். பின்பக்கத்தை நீட்டித் தகரம் போட்டு அங்கேதான் மேடையும் குசினியும். முதலாளி வேறொருவர், பகலில் அவருக்கு லோரி வியாபாரம், ராத்திரியை நடத்துவது நான். பதினெட்டு மேசை, வியாழனிலிருந்து ஞாயிறு வரை லைவ் பேண்ட். கீபோர்ட், ரிதம் பேட், பேஸ் கித்தார், தபேலா, ஒரு ஆண் குரல், ஒரு பெண் குரல், அவ்வளவுதான். மைனஸ் ஒன், அதாவது குரல் இல்லாமல் பதிந்த இசையைப் போட்டுப் பாடுவது கிடையாது. அதில் முதலாளிக்குப் பிடிவாதம், எனக்கு அவரைவிட அதிகம், ஏன் என்று பிறகு வருகிறேன்.

சுங்கை சிப்புட் என்றால் வெளியூர்க்காரர்கள் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு வரியைச் சொல்வார்கள்: 1948 ஜூன் 16-ல் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டுக் கொன்றது இங்கேதான், அதை ஒட்டித்தான் மலாயாவில் அவசரகாலம் வந்தது என்று. கொஞ்சம் அரசியல் தெரிந்தவர்கள் எங்கள் தொகுதி எம்.பி.யாக இருந்த துன் சம்பந்தன் பெயரைச் சொல்வார்கள். பாட்டுக்காக யாரும் எங்கள் ஊரைச் சொன்னதில்லை. ஆனால் நான் பிறந்த தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா என்றால் லோரியின் பின்பலகையை இறக்கிவிட்டு அதுவே மேடை, ஜெனரேட்டர் புகை ஒரு பக்கம், ஹார்ன் ஸ்பீக்கர் இன்னொரு பக்கம், பாடுகிறவர் காலையில் எங்கள் லயத்துக்கு எதிரே பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவினவராகவே இருப்பார். அந்தத் தோட்டத்தில் இப்போது பால்மரமும் இல்லை, நாங்களும் இல்லை. எல்லாம் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. லயத்தில் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் இந்தோனேசியக்காரர்களும் இருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் டவுன் தாமான் குடியிருப்புகளுக்கும், ஈப்போ பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும், ஜொகூர் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். திரும்பி வருகிற நாளில் உட்கார ஒரு இடம் வேண்டும், தமிழ்ப் பாட்டு வேண்டும், தெரிந்த முகம் நாலு வேண்டும். அதை நம்பித்தான் எங்கள் கடை ஓடுகிறது.

அதனால் என் நாள்காட்டியே வேறு. 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டப்படி மாதச் சம்பளத்தை அடுத்த ஏழு நாளுக்குள் போட்டாக வேண்டும், ஆகவே மாதத்தின் முதல் இரண்டு சனிக்கிழமைகளுக்கு ஆள் கூட்டிப் போடுவேன், ஐஸ் மூட்டை இரண்டு மடங்கு சொல்வேன். கடைசி வாரம் ஒரு பீரை மூன்று மணி நேரம் குடிப்பார்கள். புரட்டாசி வந்தால் குசினியில் மட்டன் வறுவலும் பன்றிப் பிரட்டலும் படுத்துவிடும், பீர் மட்டும் எப்படியோ விரதத்தில் சேராது. தைப்பூசத்துக்கு முன்னால் அதுவும் சேர்ந்துவிடும், பாதி ஊர் மாலை போட்டிருக்கும், அந்த வாரங்களில் நாங்கள் கடையை வெள்ளையடிப்போம்.

வேலை நாலு மணிக்குத் தொடங்குகிறது. ஷட்டரைத் தூக்கினால் முந்தின ராத்திரியின் புளித்த வாடை முகத்தில் அடிக்கும், அதைக் கழுவித் தள்ளவே ஒரு மணி நேரம். ஆறு மணிக்கு சவுண்ட் செக். இரண்டு தெரு தள்ளிப் பள்ளிவாசல் இருக்கிறது, மஃரிப் பாங்கு காலத்தைப் பொறுத்து ஏழிலிருந்து ஏழரை மணிவாக்கில் வரும், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் கடையின் முதல் விதி. யாரும் எழுதிக் கொடுத்த விதி இல்லை. மரியாதை ஒரு பக்கம், அக்கம்பக்கம் நம்மைப் பொறுத்துக்கொள்வது இன்னொரு பக்கம். இஷா தொழுகையும் முடிந்து ஒன்பது மணிக்கு முதல் செட். நாற்பத்தைந்து நிமிஷம் வீதம் மூன்று செட், நடுவில் இருபது இருபது நிமிஷம்.

சவுண்ட் செக் என்றால் பேண்ட்காரர்களுக்குப் பாட்டு ஒத்திகை, எனக்கு ஊளையைப் பிடிப்பது. மைக் கேட்பதை ஸ்பீக்கர் பேசுகிறது, ஸ்பீக்கர் பேசுவதை மைக் மறுபடி கேட்கிறது, அந்தச் சுற்று எந்த ஸ்வரத்தில் மாட்டுகிறதோ அங்கே ஊளை கிளம்பும். மேடைக்கு மேலே தகரம், பின்னால் ஓடு பதித்த சுவர். குரல் மைக்கை வேண்டுமென்றே ஏற்றி, ஊளை வருகிற இடத்தை ஈக்வலைசரில் ஒவ்வொன்றாக இறக்கி வைப்போம். முன்பு இதைச் செய்யாமல் ஒரு சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நேராக ஏற்றினோம், மேசை மூன்றில் இருந்த குழந்தை அலறியது. (குழந்தையை ஏன் கூட்டி வந்தார்கள் என்பது தனிக் கதை, எட்டரை மணிக்கு மேல் குழந்தைகள் வேண்டாம் என்று போர்டு வைத்ததும் அதற்குப் பிறகுதான்.)

பக்கத்து மாடியில் ஒரு சீனப் பாட்டி இருக்கிறார். எழுபது தாண்டியவர். முதல் மாதம் மூன்று தடவை போலீசுக்குப் போன் பண்ணினார், அதில் தப்பே இல்லை. முதலாளி யாரோ சொன்னதைக் கேட்டு சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினார். முட்டை அட்டை உள்ளே எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், வெளியே போகிற சத்தத்தை அது ஒன்றும் செய்யாது, அதிலும் பேஸ் சத்தம் சுவரையே ஆட்டிக்கொண்டு போகும். 50 ஹெர்ட்ஸ் பேஸின் ஓர் அலை ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளம், அது விரலளவு காகித அட்டையைப் பார்த்துத் திரும்பிவிடுமா? கடைசியில் செய்தது சாதாரண வேலை. பேஸ் பெட்டியை சுவர் மூலையிலிருந்து இழுத்து, ரப்பர் பாய்மேல் வைத்து, சத்தத்தைக் குறைத்தோம். அப்புறம் பாட்டியிடம் என் நம்பரைக் கொடுத்தேன். இப்போது அவர் போலீசுக்குப் பதிலாக எனக்கு வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் கீழே பார்க்கிற படம் அனுப்புவார். நான் மேடையைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டுவேன். சீனப் பெருநாளுக்கு அவருக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு, தீபாவளிக்கு முறுக்கு.

சத்தம் குறைவாக இருப்பது எங்களுக்கும் நல்லது என்பது தாமதமாகத்தான் புரிந்தது. 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்குகிற காது, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் பாதி நேரம்தான் தாங்கும், அந்தக் கணக்கில் 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம். நம் நாட்டிலும் 2019-ல் வந்த வேலையிட இரைச்சல் விதியில் ஒரு நாளைக்கு 85-தான் வரம்பு. வாடிக்கையாளர் வாரத்துக்கு ஒரு தடவை வருவார், சர்வீஸ் பார்க்கிற என் தம்பிகள் நாலு ராத்திரியும் அங்கேயே நிற்கிறார்கள். ஸ்பீக்கருக்கு நேரே இருந்த சர்வீஸ் மேசையை நகர்த்தி வைத்தேன், காது அடைப்பான் ஒரு பெட்டி வாங்கி வைத்தேன். போட்டுக்கொள்வது ஒருத்தன்தான், அவனும் ஆர்டர் கேட்காத மாதிரி நடிக்க வசதி என்றுதான் போடுகிறான் என்று சந்தேகம்.

சரி, சீட்டுக்கு வருகிறேன்.

மேசைக்கு மேசை சின்னத் தாளும் பென்சிலும் வைத்திருப்போம். பாட்டு, மேசை நம்பர், யாருக்காக. கூடவே ஐந்தோ பத்தோ வெள்ளி மடித்துத் தருவார்கள், அது பேண்டுக்கான பெட்டிக்குப் போகும், நான் தொடுவதில்லை. சீட்டெல்லாம் முதலில் என்னிடம் வரும், நான் அடுக்கிக் கொடுக்கிற வரிசையில்தான் மேடைக்குப் போகும். பேண்ட் புதிதாக வந்தபோது இதை அவர்களால் ஏற்கவே முடியவில்லை, வந்த வரிசையில்தானே பாடணும் என்றார்கள். நானும் ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தேன். தொடர்ந்து ஆறு சோகப் பாட்டு. ஆறாவது பாட்டில் மேசை நாலில் ஒருவர் அழ ஆரம்பித்தார், மேசை ஐந்து கையைக் கட்டிக்கொண்டு பில் கேட்டது.

என் வரிசை இப்படிப் போகும்: முதல் செட்டில் எம்.எஸ்.வி. காலத்துப் பாட்டுகள், ஏனென்றால் பெரியவர்கள் சீக்கிரம் வருவார்கள், பதினோரு மணிக்கு மருந்து போடப் போய்விடுவார்கள். இரண்டாவது செட் இளையராஜா, அது எல்லோருக்கும் பொது, அதில் யாரும் சண்டைக்கு வருவதில்லை. மூன்றாவது செட்டின் முதல் பாதி குத்து, கடைசிப் பாதி மெதுவாக இறங்க வேண்டும். கடைசிப் பாட்டு குத்துப் பாட்டாக இருந்தால் நூறு பேர் வேகத்தோடு வாசலுக்குப் போவார்கள், அந்த வேகம் கார் பார்க்கில்தான் வெடிக்கும். இதை நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டேன், நிஜமாகவே அடி, விலக்கப்போய் முழங்கையில் இரண்டு தையல்.

நடுவில் ஒரு மலாய்ப் பாட்டு கண்டிப்பாக உண்டு. கேட்பது நம் மாமாக்கள்தான். பினாங்கு டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் அலிகேட்ஸ் இசைக்குழுப் பாட்டுகள் வானொலியில் ஓடிய காலத்தில் வாலிபர்களாக இருந்தவர்கள். லோகநாதன் 2007-ல் காலமானார். எங்கள் பாடகர் அந்தக் கரகரப்பை வரவழைக்கப் பார்த்து இருமுவார், மாமாக்கள் மன்னித்துவிடுவார்கள்.

எல்லாம் அடுத்தவர் உழைத்துப் போட்ட பாட்டு, அதற்கும் பணம் கட்டத்தான் வேண்டும் என்பது கடை நடத்துகிற பலருக்குப் பிடிக்காத விஷயம். 1987-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி பொது இடத்தில் பாடினாலும் அனுமதி வேண்டும், பாட்டெழுதியவர்கள், இசையமைத்தவர்கள் சார்பில் எம்ஏசிபி என்ற அமைப்பு வசூலிக்கிறது. 'ராஜா சார் என்ன நம்ம கடைக்கா வரப்போறார்' என்று ஒரு பக்கத்து ஊர் முதலாளி என்னிடம் கேட்டார். அவர் கடையின் பீரை ஒருவன் காசு கொடுக்காமல் எடுத்துப்போனால் விடுவாரா?

மாலை வழக்கம் மட்டும் இங்கே கிடையாது. பெரிய ஊர்களில் சில இடங்களில் பாடுகிற பெண்ணுக்கு வாடிக்கையாளர் மாலை வாங்கிப் போடுவது உண்டு, மாலைக்கு ஒரு விலை, கடைக்கு ஒரு பங்கு. இரண்டு மேசை போட்டி போட்டு மாலை போட்டால் கல்லா நிறையும்தான். முதலாளி ஒரு தடவை மெல்லப் பேச்செடுத்தார். அந்தப் பெண் வாரநாளில் கிளினிக்கில் வேலை பார்க்கிறவள், மாலை போட்டவர் திங்கட்கிழமை காய்ச்சல் என்று அங்கே போய் உட்கார்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இவ்வளவு சின்ன ஊரில் ராத்திரி நடந்தது காலையில் முடிந்துவிடாது. அத்தோடு பேச்சு நின்றது.

இப்போது மைனஸ் ஒன். செலவைப் பார்த்தால் அதுதான் லாபம், ஒரு லேப்டாப், ஒரு ஆள், பத்தில் ஒரு பங்கு பணம். ஆனால் மைனஸ் ஒன் காத்திருக்காது. நாலே கால் நிமிஷம் என்றால் நாலே கால் நிமிஷத்தில் முடியும். எனக்குப் பாட்டு நீள வேண்டும், சுருங்க வேண்டும். மேசை ஒன்பதில் குரல் ஏறுகிறது, நான் அங்கே போய்ச் சேர ஒரு நிமிஷம் ஆகும், கீபோர்ட் அண்ணனுக்குக் கையைச் சுழற்றிக் காட்டினால் இடையிசையை இன்னும் இரண்டு சுற்று வாசிப்பார், அதுவும் வேகத்தை ஒரு பொடி குறைத்து. கூட்டத்துக்குத் தெரியாது, ஆனால் கால்களுக்குத் தெரியும், ஆடுகிறவர்கள் தாமாகவே உட்காருவார்கள். பில் அச்சடிக்கிற மெஷின் மாட்டிக்கொண்டால் ஒரு பாட்டு கூடுதல். தபேலாக்காரர் தோல் இறங்கிவிட்டது என்று சுத்தியலை எடுத்தால் (மழை ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், ஒரு ராத்திரியில் மூன்று தடவை கட்டையைத் தட்டுவார்) பேஸ் தம்பி சும்மா எதையாவது வாசித்து நேரத்தை ஓட்டுவான். லைவ் பேண்ட் இருந்தால் ராத்திரியைப் பிடித்துத் திருப்ப ஒரு கைப்பிடி இருக்கிறது. அது இல்லாமல் நூறு பேரும் பீரும் இருக்கிற அறையில் நான் நிற்க மாட்டேன்.

சனிக்கிழமைக் கதை பாக்கி இருக்கிறது.

பதினோரு மணிக்கு மழை பிடித்தது. சுங்கை சிப்புட் மழையைத் தகரத்துக்கு அடியில் இருந்து கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பாடகி வாய் அசைவது தெரிகிறது, பாட்டு வரவில்லை. பதினொன்றேகால் இருக்கும், டக் என்று மொத்தக் கடையும் இருட்டு. மேடை, குசினி, கல்லா, ஃபேன், எல்லாம்.

எங்கள் ஊர்க்காரர்கள் இருட்டுக்குப் பயப்படுவதில்லை, ஒரு விசில், ஒரு சிரிப்பு, நாலைந்து போன் லைட். நான் டார்ச்சோடு பின்பக்கம் ஓடினேன். எதிர்க்கடையில் விளக்கு எரிகிறது, ஆகவே ஊர் கரண்ட் போகவில்லை, எங்கள் இஎல்சிபி விழுந்திருக்கிறது. போகிற கரண்டுக்கும் திரும்புகிற கரண்டுக்கும் ஒரு சின்னக் கசிவு வித்தியாசம் வந்தாலே அது எல்லாவற்றையும் வெட்டிவிடும், எந்த லைனில் கசிவு என்று சொல்லாது. நாம்தான் தேட வேண்டும். எல்லா சுவிட்சையும் இறக்கி, இஎல்சிபியை ஏற்றி, ஒவ்வொன்றாகத் தூக்கினேன். மேடை, நின்றது. விளக்கு, நின்றது. ஃபேன், நின்றது. ஃப்ரீசர் சுவிட்சைத் தொட்டதும் மறுபடி டக்.

கூரையில் ஆணி ஓட்டை ஒன்று, அங்கிருந்து சுவர் வழியாக நூல் மாதிரித் தண்ணீர், அது சரியாக ஃப்ரீசருக்குப் பின்னால் தரையில் கிடந்த நீட்டிப்பு சாக்கெட்டில் இறங்கியிருந்தது. அந்த சாக்கெட்டைச் சுவரில் உயரத்தில் அடியுங்கள் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது நான். அடிக்காமல் விட்டதும், அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளியதும் நான்தான். கரண்ட் விஷயத்தில் மற்றவர்களை நான் கொஞ்சமா திட்டியிருக்கிறேன்! முன்பு விருந்தாளியாக வந்த ஒரு பேண்டில் பேஸ்காரர் 'ங்ங்' என்ற இரைச்சல் வருகிறது என்று ஆம்ப் பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு வாசித்தார். இரைச்சல் போய்விட்டது. கூடப் பாட மைக்கில் வாயை வைத்தார், உதட்டில் சுரீர் என்று அடித்தது, கையில் கம்பி, உதட்டில் மைக், நடுவில் அவர்தான் வயர். நல்லவேளை, உதட்டோடு போயிற்று. அன்றிலிருந்து மேடைக்கு வருகிற ஒவ்வொரு பிளக்கையும் நான் பார்த்த பிறகுதான் செருக வேண்டும். சாக்கெட்டின் மூன்றாவது ஓட்டையில் பேனாவைக் குத்தி இரண்டு முள் பிளக்கை நுழைக்கிற நம் நாட்டுத் தேசியக் கலை என் மேடையில் செல்லாது. இவ்வளவு பேசுகிற நான் ஃப்ரீசருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை.

நான் பின்பக்கம் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தபோது முன்பக்கம் தபேலா தொடங்கிவிட்டது. அதற்குக் கரண்ட் வேண்டாமே. மழையும் கொஞ்சம் விட்டிருந்தது. அப்புறம் பாடகி, மைக் இல்லாமல், வெறும் தொண்டையில். எந்தப் பாட்டு என்று ஊகித்திருப்பீர்கள். அவளுக்குச் சீட்டும் தெரியாது, மச்சான்மார் கதையும் தெரியாது, தபேலாவோடு மட்டும் பாட அந்தத் தாளம் வசதி, அதனால் எடுத்தாள். எனக்கு வயிறு பிசைந்தது. கம்பி கையில், முன்னால் ஓடவும் முடியாது.

ஒன்றும் நடக்கவில்லை. யார் யாருக்காகவும் என்று அறிவிப்பு இல்லை, யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை, பல்லவி வந்ததும் கடை முழுக்கப் பாடியது. ஏழும் பாடியிருக்கும், பன்னிரண்டும் பாடியிருக்கும். ஃப்ரீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சுவிட்சை ஏற்றினேன், விளக்கு வந்தது, இரண்டு மேசையும் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன, பழையபடி.

ஐந்து நிமிஷம் கழித்து தம்பி வந்து நிற்கிறான். "அக்கா, மேசை ஏழு கேக்கறாங்க, இருட்டுல பாடுனது சீட்டுக்குப் பாடுனதா, சும்மா பாடுனதா?" நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவன். "அக்கா, பன்னெண்டுலயும் அதே கேக்கறாங்க." சும்மா பாடியது என்றால் மறுபடி பாட வேண்டும், மறுபடி பாடினால் யாருக்காக என்று சொல்ல வேண்டும். தம்பிகள் இரண்டு பேரையும் தனித்தனியாக அனுப்பினேன், இரண்டு பேருக்கும் ஒரே பதில்: "உங்க சீட்டுக்குத்தான்." இரண்டு பத்து வெள்ளியும் பேண்ட் பெட்டிக்குள் போனது.

பன்னிரண்டரைக்குக் கடைசி ஆர்டர். வாசலில் எங்கள் ஜாகா மாமா, முன்பு தோட்டத்து ஸ்டோரில் ஜாகா, அதாவது காவல் வேலை பார்த்தவர், மடியில் ஒரு பெரிய மைலோ டின்னோடு உட்காருவார். உள்ளே வரும்போது ஐசியை, அதாவது அடையாள அட்டையைப் பார்ப்பதும் அவர்தான், 2017 டிசம்பரிலிருந்து குடிக்கிற வயது 21. ஐசி நம்பரின் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதி, மாமா அதைக் கண்ணாடி போடாமலே வாசிப்பார். தள்ளாடுகிற ஆள் என்று பட்டால் மோட்டார் சைக்கிள் சாவியை வாங்கி டின்னில் போட்டுவிடுவார். 2020-ல் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களுக்குச் சட்டம் இறுகியது, ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம் என்று இருந்த அளவு 50 ஆனது. ஆனால் மாமா சட்டத்துக்காகச் செய்யவில்லை, செம்பனை லோரி வருகிற இருட்டு ரோட்டில் அவர் இரண்டு பேரைத் தூக்கியிருக்கிறார். அந்த நேரத்துக்கு இந்த ஊரில் கிராப் வாடகைக் கார் கிடைக்காது. என் சித்தப்பா மகன் பகலில் பள்ளி வேன் ஓட்டுகிறான், சனிக்கிழமை ராத்திரி அதே வேன் தாமான் தாமானாக ஆட்களை இறக்கிவிட்டு வரும், தலைக்கு ஐந்து வெள்ளி. காலையில் பத்து மணிவாக்கில் ஒவ்வொருவராகத் தலையைச் சொறிந்துகொண்டு வந்து டின்னில் சாவி தேடுவார்கள். போன சனிக்கிழமை டின்னில் ஒன்பது சாவி.

மேசை ஏழு வேனில் முன் ஸீட்டில் ஏறினார். பன்னிரண்டு அதைப் பார்த்துவிட்டு, "நான் அடுத்த டிரிப்பில வரேன்" என்று திண்ணையில் உட்கார்ந்தார். அடுத்த டிரிப் வர இருபத்தைந்து நிமிஷம். பால் இல்லாமல் தே ஓ ஒன்று போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

கல்லா கணக்கு முடிக்க இரண்டு மணி. முன்பெல்லாம் நோட்டு எண்ணினால் தீர்ந்தது, இப்போது பாதி கியூஆரில் வருகிறது, போனில் இருப்பதையும் தாளில் இருப்பதையும் ஒத்துப் பார்க்க வேண்டும், யாரோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் காட்டிவிட்டுப் போயிருப்பார். அன்று பன்னிரண்டு வெள்ளி உதைத்தது, விட்டுவிட்டேன். பேண்ட் தம்பிகள் ஒயரைச் சுற்றி வைத்துவிட்டு தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைக்கு ரொட்டி சானாய் தின்னக் கிளம்பினார்கள், எனக்கு ஒன்று தாப்பாவ், பொட்டலமாக. வீட்டுக்குப் போய்க் குளித்துப் படுக்கும்போது நாலு இருக்கும். தோட்டத்தில் இருந்த காலத்தில் அம்மா அந்த நேரத்தில்தான் எழுந்து தலைவிளக்கைக் கட்டுவார், விடிவதற்குள் சீவினால்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் நின்றுவிடும். இப்போதும் பழக்கம் போகாமல் நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறார். நான் சாப்பிடுவதை அவர் பார்ப்பார், அவர் பல் விளக்குவதை நான் பார்ப்பேன்.

ஃப்ரீசரில் இருந்த கோழியை எல்லாம் அன்றைக்கே முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டோம், இருபது கிலோ, அவர் மனைவி இன்னும் என்னோடு பேசவில்லை. சாக்கெட்டை ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆள் கூப்பிட்டு நெஞ்சு உயரத்துக்கு அடித்தாயிற்று. கூரை ஆணி ஓட்டைக்குத் தார் பூசியாயிற்று. ஃப்ரீசர் மட்டும் இன்னும் கிடக்கிறது, வியாழன் வந்துவிட்டது, ரிப்பேர்காரர் பத்து மணிக்கு வருகிறேன் என்றார். காலை பத்தா ராத்திரி பத்தா என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.